பல கண் கொண்ட சுவர்

கோயில் திருப்பணிக்கு ஒப்பந்தம் எழுதிக் கொடுத்த பழைய ஸ்தபதியர், எதையும் செய்து தருவதாக வாக்களித்துவிட்டு, இன்னின்னவை மட்டும் நீங்கலாக என்று ஒரு விலக்கும் சேர்த்து எழுதுவார்களாம். நம்மிடையே வழிவழியாக வழங்கிவரும் செய்தி இது. அந்த விலக்கில் ஆவுடையார்கோவில் கொடுங்கை இருக்கும். திருவலஞ்சுழிப் பலகணி இருக்கும். கடாரங்கொண்டான் மதில் இருக்கும். சொல்பவருக்கு ஏற்பப் பட்டியல் சற்றே நீளும், குறையும். ஆனால் கொடுங்கையும் பலகணியும் பெரும்பாலும் இடம் மாறுவதில்லை.

இந்தச் செய்தியைச் சொல்லும்போதெல்லாம் நாம் கைவினையின் அருமையை மட்டுமே வியந்து நின்றுவிடுகிறோம். கொடுங்கை என்பது என்ன? கட்டடத்தின் விளிம்பில் வெளியே நீண்டு வளைந்து, மழையையும் வெயிலையும் தடுக்கும் கூரைச் சரிவு. பலகணி என்பது என்ன? காற்றையும் வெளிச்சத்தையும் உள்ளே விட்டு, அயலார் பார்வையை வெளியே நிறுத்தும் துளைச் சுவர். இரண்டும் ஒரே கேள்விக்குச் சொல்லப்பட்ட இரண்டு பாதி விடைகள். வெளிச்சம் வேண்டும், வெளியே பார்க்கவும் வேண்டும், ஆனால் பிறர் நம்மைப் பார்க்கக் கூடாது. இம்மூன்றையும் ஒருங்கே பெறுவது எப்படி என்பதுதான் அந்தக் கேள்வி.

இன்று நகரத்தில் வீடு கட்டும் ஒவ்வொருவரும் இந்தக் கேள்வியைச் சந்திக்கிறார்கள். எதிர்வீட்டுச் சன்னலுக்கும் நம் சன்னலுக்கும் இடையே பத்தடி கூட இல்லாத தெருக்களில், திரைச்சீலையை இழுத்துவிட்டுப் பகலிலேயே குழல்விளக்கை ஏற்றிக்கொள்வதே பெரும்பாலோர் கண்ட தீர்வு. மறைவுக்காக வெளிச்சத்தையும் காட்சியையும் விற்றுவிடுகிறோம். நம் முன்னோர் இந்த வாணிகத்தை எப்படி நடத்தினார்கள் என்பதையும், அதில் யாருக்கு இலாபம், யாருக்கு இழப்பு என்பதையும் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

சொற்கள் சொல்லும் வரலாறு

சன்னல் என்ற சொல் போர்த்துக்கீசியரோடு வந்தது. மேசையும் அலமாரியும் சாவியும் வந்த அதே கப்பலில் 'ஜனேலா'வும் வந்திறங்கிச் சன்னலாயிற்று. அதற்காக அதற்குமுன் தமிழனுக்குச் சன்னலே இல்லை என்று எவரும் முடிவு கட்டிவிட வேண்டாம். காலதர் என்று ஒரு பழஞ்சொல் உண்டு. கால் என்றால் காற்று, அதர் என்றால் வழி. காற்று வரும் வழியே காலதர். வடமொழியின் சாலகம், அதாவது வலை, தமிழில் சாலேகம் ஆயிற்று. ஆவின் கண் என்னும் பொருளுடைய கவாட்சமும் வடமொழியில் சாளரத்துக்குப் பெயர். ஆங்கிலத்தின் 'விண்டோ' கூட வடநாட்டுக் கடலோடிகளின் பழைய மொழியிலிருந்து வந்ததே. அதன் பொருள் காற்றின் கண். ஆக, உலகின் பல மூலைகளில் மனிதன் சுவரில் துளையிட்டபோது அவன் நினைவுக்கு வந்தவை இரண்டு: காற்று, கண்.

இவற்றுள் பலகணி என்ற சொல் தனித்து நிற்கிறது. பல கண்களை உடையது பலகணி. ஒரு பெரிய கண்ணுக்குப் பதில் பல சிறிய கண்கள். ஒரு பெரிய திறப்பைச் சிறு துளைகளாகப் பகுத்தால் அதன் இயல்பே மாறிவிடும் என்ற அறிவு அந்தப் பெயருக்குள் பொதிந்திருக்கிறது. பெயரிட்டவன் தச்சனாக இருக்க வேண்டும் என்றே நமக்குத் தோன்றுகிறது.

இலக்கியத்தில் பார்ப்போம். நக்கீரரின் நெடுநல்வாடை கூதிர்கால மதுரையைக் காட்டும்போது, வேனிற்காலத்தில் தென்றலைக் கொண்டுவந்து தந்த மேல்நிலைப் படுக்கையறைச் சாளரங்கள் வாடைக்கு அஞ்சித் தாழிட்டு அடைக்கப்பட்டதைச் சொல்கிறது. சாளரம் பருவத்துக்கு ஏற்பத் திறந்தும் மூடியும் ஆளப்பட்ட கருவி என்பது இதனால் தெளிவாகும். சிலப்பதிகாரம் புகார் நகரத்து மாளிகைகளின் காலதர்களை மானின் கண்ணுக்கு ஒப்பிடுகிறது. மானின் கண் அழகுக்கு மட்டும் உவமையன்று. அது மருண்டு, தன்னை மறைத்துக்கொண்டு, எல்லாத் திசையும் பார்க்கும் கண். உவமையை அப்படியும் வாசிக்க இடமுண்டு.

முத்தொள்ளாயிரத்தில் வேறொரு கதை. சேரமான் கோதை வீதியில் உலா வருகிறான். அவனைக் காண மகளிர் கதவைத் திறக்கிறார்கள்; தாயர் அடைக்கிறார்கள். திறப்பதும் அடைப்பதுமாகக் கதவின் குடுமியே தேய்ந்துபோகிறது என்கிறார் பெயர் தெரியாத அந்தப் புலவர். பிற்கால உலா நூல்களிலும், விக்கிரமன் முதலிய மூன்று சோழர்மீது ஒட்டக்கூத்தர் பாடிய மூவருலா உட்பட, மகளிர் பார்ப்பதும் மன்னன் பார்க்கப்படுவதுமே அமைப்பு. கம்பரின் உலாவியற் படலத்தில் மிதிலையே இராமனைக் காணத் திரள்கிறது. காண விரும்பும் கண் உள்ளே இருக்கிறது. காண்பதற்குரியது வெளியே இருக்கிறது. இடையே ஒரு கதவு, ஒரு தாய். முத்தொள்ளாயிரத்துக் கதவு இரண்டே நிலை அறிந்தது: திறப்பு, அடைப்பு. மூன்றாவது நிலை ஒன்று உண்டென்று சொன்னது பலகணி.

பலகணி செய்யும் வேலை

துளையிட்ட சுவர் எப்படி உள்ளிருப்பவருக்கு மட்டும் துணை செய்கிறது? முதலில் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். ஒளி போகும் வழியும் வரும் வழியும் ஒன்றே. உள்ளே இருப்பவர் கண்ணிலிருந்து தெருவில் நிற்பவர் கண்ணுக்கு ஒரு நேர்க்கோடு தடையின்றிச் செல்லுமானால், தெருவில் நிற்பவருக்கும் அதே கோட்டில் உள்ளே இருப்பவர் கண் தெரிந்தாக வேண்டும். ஆகவே வடிவத்தால் மட்டும் ஒருவழிப் பார்வையை உண்டாக்க எந்தச் சிற்பியாலும் முடியாது.

அந்த ஒருவழியை உண்டாக்குவது வெளிச்ச வேறுபாடு. நம் நாட்டு நண்பகல் வெயிலில் நிலத்தின்மீது விழும் ஒளி ஏறத்தாழ 1,00,000 லக்ஸ். ஓட்டு வீட்டின் உள்ளறையிலோ சில நூறு லக்ஸ்தான் இருக்கும். வெளியே நிற்பவரின் கண்பாவை அந்தப் பேரொளிக்குச் சுருங்கியிருக்கிறது. அவர் பார்க்கும்போது பலகணியின் கல் பளிச்சென்று ஒளிர்கிறது. துளைகளோ கறுத்துக் கிடக்கின்றன. உள்ளே இருக்கும் மங்கிய உருவம் அந்தக் கறுப்பில் கரைந்துவிடுகிறது. உள்ளே இருப்பவருக்கு நிலைமை நேர்மாறு. கல் நிழலில் இருண்டிருக்கிறது. துளைகளுக்கு அப்பால் உலகம் ஒளியோடு நிற்கிறது.

இரண்டாவது துணை, அண்மை. உள்ளே இருப்பவர் பலகணியை ஒட்டி நின்று கண்ணைத் துளையருகே வைக்கலாம். அப்போது இடைப்பட்ட கல் மங்கி மறைந்து, துளை விரிந்து, காட்சி முழுமையாகிறது. தெருவில் போகிறவர் தொலைவில் நிற்கிறார். அவருக்குக் கல்லே பெரிது, துளை சிறிது.

மூன்றாவது, கல்லின் கனம். துளையின் அகலமும் கல்லின் கனமும் சமமாக இருந்தால், நேர்முகத்திலிருந்து 45 பாகைக்கு மேல் சாய்ந்து வரும் பார்வை துளைக்குள் நுழைந்தாலும் மறுபக்கம் வெளியேறாது. பக்கத்து வீட்டிலிருந்து சாய்வாக எட்டிப் பார்ப்பவருக்குத் தெரிவது துளையின் உட்சுவர் மட்டுமே. ஆனால் ஒளிக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. துளையின் உட்சுவரில் பட்டுச் சிதறி, வெப்பமும் கூச்சமும் தணிந்து, மெல்லொளியாக உள்ளே வந்துசேர்கிறது. பார்வையைத் தடுக்கும் அதே கனம் வெளிச்சத்தைப் பதப்படுத்துகிறது.

இந்த ஏற்பாடு முழுவதும் உள்ளே நிழல் இருந்தால்தான் நடக்கும். அங்கேதான் கொடுங்கை வருகிறது. நீண்டு தாழ்ந்த கூரைவிளிம்பு உயர்ந்த வெயிலைச் சுவரில் படாமல் தள்ளி, உள்ளிடத்தைக் குளிர்ந்த இருளில் வைத்திருக்கிறது. கொடுங்கை இல்லாத பலகணி பாதி வேலையே செய்யும். ஸ்தபதியர் விலக்கில் இவ்விரண்டும் அருகருகே அமர்ந்திருப்பது தற்செயலாக இருக்கலாம். ஆனால் பொருத்தமான தற்செயல்.

இந்த முறைக்கு ஒரு காலவரையறையும் உண்டு. அந்தி சாய்ந்து வீட்டில் விளக்கேற்றியவுடன் எல்லாம் தலைகீழாகிறது. உள்ளே ஒளி, வெளியே இருள். இப்போது தெருவில் நிற்பவரே மறைந்திருந்து பார்ப்பவர். அதனால்தான் வீட்டுச் சாளரங்களில் துளைத்தட்டுக்குப் பின்னே மரக்கதவும் வைத்தார்கள்.

கல்லில் வலை

சிற்ப நூலான மயமதம் சாலகங்களின் வகைகளைப் பெயரிட்டு வகுத்திருக்கிறது. ஆவின் கண், யானையின் கண், நந்தியாவர்த்தம் என்று பெயர்கள் நீள்கின்றன. துளையின் வடிவத்துக்கும் சட்டங்களின் பின்னலுக்கும் ஏற்பப் பெயர். மரத்தில் செய்த பின்னலைக் கல்லுக்கு மாற்றியதே இக்கலையின் வளர்ச்சி. கன்னட நாட்டில் ஐஹொளெயிலும் பட்டடக்கல்லிலும் சாளுக்கியர் காலத்திலேயே கற்சாளரங்கள் அழகு பெற்றுவிட்டன. 1117-இல் ஹொய்சள விஷ்ணுவர்த்தனன் எடுப்பித்த பேலூர்ச் சென்னகேசவர் கோயிலில், பின்னர் ஆண்ட இரண்டாம் வீர வல்லாளன் காலத்தில் தூண்களுக்கிடையே துளைத்தட்டிகள் பொருத்தப்பட்டன. திறந்த மண்டபம் மூடிய மண்டபமாயிற்று. ஆனால் இருண்ட மண்டபமாகிவிடவில்லை. குசராத்தில் ஆமதாபாத்தின் சிதி சையத் பள்ளிவாசல், 1573 அளவில் முடிந்தது, மரமும் கொடியும் பின்னிய ஒரு கற்சாளரத்தால் உலகப்புகழ் பெற்றிருக்கிறது.

அங்கெல்லாம் மாவுக்கல்லும் மணற்கல்லும் துணை நின்றன. தமிழ்நாட்டுச் சிற்பிக்குக் கிடைத்ததோ கருங்கல். உளி சற்றுத் தவறினால் மெல்லிய சட்டம் முறிந்துபோகும், ஒட்டுப்போட வழியில்லை. கும்பகோணத்தை அடுத்த திருவலஞ்சுழியில் வெள்ளைப் பிள்ளையார் சன்னதியின் முன்னுள்ள பலகணி, மரத்தச்சன் இழைத்ததோ என்று மயங்கும்படி கருங்கல்லில் அமைந்திருப்பது இதனால்தான் வியப்பளிக்கிறது. விலக்கு எழுதிய ஸ்தபதிக்கு அதன் அருமை தெரிந்திருக்கிறது.

ஆவுடையார்கோவில்: திசை மாறிய பலகணி

புதுக்கோட்டை மாவட்டத்தின் தென்கிழக்கில், அறந்தாங்கிக்கு அப்பால், வெள்ளாற்றங்கரைப் பகுதியில் இருக்கிறது ஆவுடையார்கோவில் என்னும் திருப்பெருந்துறை. பாண்டியனுக்குக் குதிரை வாங்க வந்த அமைச்சர், குருந்த மரத்தடியில் குருவைக் கண்டு மாணிக்கவாசகரான தலம். திருவாவடுதுறை ஆதீனத்தின் ஆளுகையிலுள்ள கோயில். அதன் கொடுங்கையைக் காணச் செல்பவர் அனைவரும் தலையை அண்ணாந்தபடியே நடப்பார்கள். கல்லைத் தகடாக்கி, மரச்சட்டங்களும் கம்பிகளும் ஆணிகளும் கூடக் கல்லிலேயே செதுக்கியிருக்கிறார்கள். உண்மையிலேயே கல்தானா என்று ஐயுற்ற ஒருவர் துப்பாக்கியால் சுட்டுப் பார்த்ததாக ஊரில் கதையும் உண்டு.

நாம் அங்கே தலையைத் தாழ்த்திப் பார்க்க வேண்டிய ஒன்றைப் பற்றிச் சொல்ல விரும்புகிறோம். இக்கோயிலில் உருவ வழிபாடு இல்லை. தெற்கு நோக்கிய கருவறையில் ஆவுடையார் மட்டுமே உண்டு; அதன்மேல் இலிங்கம் இல்லை. கொடிமரம் இல்லை; நந்தி இல்லை. படைக்கப்படுவதும் புழுங்கலரிசிச் சோற்றின் ஆவியே. அம்மை யோகாம்பிகைக்கும் திருவுருவம் இல்லை; பீடத்தின்மேல் இரு திருவடிகள் மட்டுமே. அவற்றையும் வாயில் வழியாகக் காண முடியாது. சன்னதி அடைத்தே இருக்கும்; பலகணி வழியாகவே தரிசனம்.

இதுவரை நாம் பேசிய பலகணியில் காண்பவர் உள்ளே, காணப்படுவது வெளியே. இங்கே திசை மாறிவிடுகிறது. காண விரும்புபவர் வெளியே நிற்கிறார். மறைவு உள்ளே இருக்கும் அம்மைக்கு உரியதாகிறது. பலகணியின் விதிப்படி வெளியே நிற்பவருக்கு உள்ளே ஒன்றும் தெரியக் கூடாது. தெரிவதற்கு இரண்டு காரியங்கள் நடக்க வேண்டும்: உள்ளே ஒரு விளக்கு எரிய வேண்டும், பார்ப்பவர் கல்லின் அருகே முகத்தைக் கொண்டுபோய்க் கண்ணை இருளுக்குப் பழக்க வேண்டும். போகிற போக்கில் இங்கே தரிசனம் செய்ய முடியாது. யோகத்தில் இருக்கும் தெய்வத்தைக் காண்பவனும் ஒரு கணமாவது ஒருமுகப்பட வேண்டும் என்ற கருத்தைச் சொல்லாகச் சொல்லாமல் கல்லாகச் சொல்லிவிட்டார்கள். உருவத்தைக் கைவிட்ட ஒரு கோயில், காட்சியை முற்றும் கைவிடாமலும் முற்றும் வழங்காமலும் நிறுத்தியிருக்கும் இடம் இந்தப் பலகணி.

இதற்கு நிகரானது உடுப்பியில் இருக்கிறது. அங்கே கண்ணனை ஒன்பது துளைகள் கொண்ட சாளரத்தின் வழியாகவே அடியார் காண்கிறார்கள். அருகிலுள்ள கனகன கிண்டி என்னும் துளைக்கு ஒரு கதை உண்டு. குலத்தின் பெயரால் உள்ளே விடப்படாத கனகதாசர் கோயிலுக்குப் பின்னே நின்று பாட, தெய்வமே அவர் பக்கம் திரும்பிச் சுவர் பிளந்து காட்சி தந்ததாம். அந்தக் கதையில் துளை என்பது விலக்கப்பட்டவனுக்குக் கிடைத்த வழி. ஆவுடையார்கோவிலிலோ, வந்தவர் அனைவருக்கும் ஒரே பலகணி. ஆனால் அந்த 'அனைவரும்' என்ற சொல்லை அவசரமாகச் சொல்லிவிடக் கூடாது. 1947-ஆம் ஆண்டின் சென்னை மாகாண ஆலயப் பிரவேசச் சட்டத்துக்கு முன், அந்தப் பலகணி வரைக்கும் வர எல்லாத் தமிழருக்கும் உரிமை இருந்ததில்லை. கல்லில் துளையிட்டவர்கள் சாதியில் துளையிட மேலும் பல நூற்றாண்டுகள் ஆயின.

அரண்மனையின் கண்கள்

ஜெய்ப்பூரின் ஹவா மகால் 1799-இல் சவாய் பிரதாப் சிங் கட்டியது. ஐந்தடுக்கு முகப்பில் 953 சிறு சாளரங்கள். அரண்மனைப் பெண்டிர் தெருவின் ஊர்வலங்களைத் தாம் காணப்படாமல் காண்பதற்காகவே ஒரு முழு மாளிகை எழுந்தது. கெய்ரோவின் பழைய தெருக்களில் கடைந்த மரத்துண்டுகளைக் கோத்துச் செய்த மஷ்ரபியாக்கள் இன்றும் தொங்குகின்றன. தமிழ்நாட்டு எல்லைக்குள் பத்மநாபபுரம் அரண்மனை இருக்கிறது. 1956-இல் குமரி மாவட்டம் தமிழகத்தோடு இணைந்த பின்னும் அரண்மனை கேரள அரசின் பொறுப்பிலேயே உள்ளது. அங்கே சாய்த்துப் பொருத்திய மரச்சட்டங்கள் கொண்ட சாளரங்களைக் காணலாம். மேல்மாடத்தில் இருப்பவருக்குக் கீழே முற்றமும் தெருவும் தெரியும். சம மட்டத்தில் எதிரே நிற்பவருக்கு ஒன்றும் தெரியாது. மந்திரசாலையில் வண்ண அபிரகத் தகடுகள் வெயிலைத் தணித்து ஒளியை மட்டும் உள்ளே விடுகின்றன. நவராத்திரி மண்டபத்தில் நடந்த ஆடல்பாடலை அரசகுலப் பெண்டிர் மறைவிடத்தின் சிறு துளைகள் வழியே கண்டிருக்கிறார்கள்.

இவற்றின் அழகில் மயங்கும் நாம் ஒன்றை மறந்துவிடக் கூடாது. இந்தச் சாளரங்கள் எல்லாம் பெண்ணை வெளியே விட மனமில்லாத சமூகம் அவளுக்குக் கொடுத்த ஈடு. முத்தொள்ளாயிரத்துத் தாய் கதவை அடைத்தாள். அரண்மனைத் தச்சன் அடைத்த கதவில் துளையிட்டுக் கொடுத்தான். அடைப்பு அப்படியே இருந்தது. தாமே விரும்பிக்கொள்ளும் மறைவு வேறு. பிறர் விதிக்கும் மறைவு வேறு. ஒரே பலகணி இரண்டுக்கும் பயன்பட்டிருக்கிறது. சாளரத்தின் திறவுகோல் யார் கையில் இருந்தது என்று கேட்டால்தான் அது எந்த வகை என்பது தெரியும். குடிசைவாசிகளுக்கோ இந்தக் கேள்வியே எழவில்லை. மண்சுவரும் ஓலைக்கூரையும் கொண்ட வீட்டில் சாளரம் ஒரு செல்வம். மூங்கில் தட்டியும் ஓலைக்கீற்றின் இடுக்குமே அவர்களுடைய பலகணி.

வீட்டுக்குள் ஒரு வானம்

தமிழகத்து நடுத்தர வீடு இந்தச் சிக்கலை இன்னொரு வழியிலும் தீர்த்தது. வெளிச்சத்தைத் தெருவிடம் கேட்காமல் வானத்திடம் கேட்டது. நடுவே முற்றம், சுற்றிலும் தாழ்வாரம். மழையும் வெயிலும் நிலவும் வீட்டுக்குள்ளேயே இறங்கின. மேலிருந்து வரும் ஒளிக்கு அயலார் கண் இல்லை. ஆதலால் தெருப்பக்கச் சாளரம் சிறிதாக இருந்தாலும் வீடு இருளவில்லை. தெருவைப் பார்க்க வேண்டியபோது திண்ணை இருந்தது. தாழ்ந்த கூரையின் நிழலில் அமர்ந்திருப்பவருக்குத் தெரு முழுவதும் தெரியும். வெயிலில் நடந்து போகிறவர் குனிந்து பார்த்தால்தான் திண்ணையில் இருப்பவர் முகம் தெரியும். அதுவும் பலகணியின் விதிதான், துளைகள் மட்டும் இல்லை.

புதுக்கோட்டை மாவட்டத்து இராயவரம் போன்ற நகரத்தார் ஊர்களில் இன்னொரு நுட்பத்தைக் காணலாம். பர்மாத் தேக்கில் செய்த உயரமான சன்னல்கள். கதவுகள் மேல், கீழ் என்று பிரிந்திருக்கும். கீழ்க்கதவை மூடி மேற்கதவைத் திறந்துவைத்தால், தரையில் பாய் விரித்து அமர்ந்திருப்பவர் மறைந்துவிடுவார். வெளிச்சமும் காற்றும் மேலே தாராளமாக வரும். இரண்டு கீல்களின் செலவில் கிடைத்த தீர்வு. திரைச்சீலையை மேலிருந்து கீழ்வரை தொங்கவிடும் நாம், சன்னலின் கீழ்ப்பாதி மட்டுமே மறைவு கேட்கிறது என்பதை மறந்துவிட்டோம்.

நீதிமன்றத்தில் சன்னல்

அண்டை வீட்டுச் சன்னல் நம் முற்றத்தைப் பார்த்தால் என்ன செய்வது? 1882-ஆம் ஆண்டின் இந்திய வசதியுரிமைச் சட்டம் இதைப் பேசுகிறது. 20 ஆண்டுகள் தடையின்றி ஒரு கட்டடம் பெற்றுவந்த ஒளியும் காற்றும் உரிமையாகிவிடும் என்கிறது 15-ஆம் பிரிவு. 18-ஆம் பிரிவு உள்ளூர் வழக்கத்தால் வரும் உரிமையைச் சொல்லி, அதற்கு எடுத்துக்காட்டாகச் சன்னலையே காட்டுகிறது. அண்டை வீட்டாரின் மறைவைப் பெரிதும் குலைக்கும்படி புதிய சன்னல் திறக்கக் கூடாது என்பது ஒரு நகரத்தின் வழக்கமாக இருந்தால், அங்கே வீடு கட்டுபவர்கள் ஒருவர்மீது ஒருவர் அந்த உரிமையைப் பெறுகிறார்கள்.

1888-இல் அலகாபாத் உயர்நீதிமன்றம், கோகல் பிரசாத் எதிர் ராதோ என்ற வழக்கில், வீட்டுப் பெண்டிர் புழங்கும் பகுதியை நோக்கி அண்டைவீட்டார் புதிய திறப்புகளை அமைத்தது பற்றி ஆராய்ந்து, வடபுலத்தில் மறைவுக்கு வழக்காற்று உரிமை உண்டு என்று ஏற்றுக்கொண்டது. சென்னை நீதிமன்றமோ பத்தொன்பதாம் நூற்றாண்டில் இவ்வகை முறையீடுகளை ஏற்கவில்லை. அயலான் தன் சுவரில் சன்னல் திறப்பது மட்டும் குற்றமாகாது. மறைவு வேண்டுபவர் தம் நிலத்தில் மறைப்பு எழுப்பிக்கொள்ளலாம் என்பதே இங்கே நிலவிய போக்கு. சட்டம் கைவிட்ட இடத்தில் நம் ஊரில் தச்சனும் கொத்தனும்தான் நீதி வழங்கினார்கள் என்று சொன்னால் மிகையாகாது.

2017 ஆகஸ்டு 24 அன்று உச்சநீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் தனிமறைவை அடிப்படை உரிமை என்று ஒருமனதாக அறிவித்தார்கள். அது கைவிரல் ரேகை, கருவிழி, மின்தரவு ஆகியவற்றின் காலம். ஆனால் இந்நாட்டின் நீதிமன்றங்களில் அந்த உரிமையின் பேச்சு சன்னலோரத்தில்தான் தொடங்கியது என்பதை நாம் நினைவில் வைக்க வேண்டும். காணப்படாமல் இருக்கும் உரிமையை அரசியல் தத்துவம் கண்டுபிடிக்கவில்லை. அடுத்த வீட்டுச் சுவர் கண்டுபிடித்தது.

கண்ணாடியின் காலம்

மணிமேகலைக் காப்பியத்தில் ஒரு பளிக்கறை வருகிறது. உதயகுமரன் தேடி வருவதைக் கண்டு சுதமதி மணிமேகலையை அதற்குள் ஒளித்துவைக்கிறாள். அந்த அறையின் இயல்பு, உள்ளே இருப்பவரின் உருவத்தை வெளியே காட்டும், குரலை மட்டும் வெளியே விடாது. உதயகுமரன் அவள் உருவத்தைக் கண்டுவிடுகிறான், வாயில்தான் தெரியவில்லை. ஒளிவதற்கு ஒரு பெண் புகுந்த இடமே அவளைக் காட்டிக்கொடுத்துவிடுகிறது.

இன்று நாம் கட்டிக்கொண்டிருப்பவை பளிக்கறைகள். பிரிட்டனில் பில்கிங்டன் நிறுவனம் 1959-இல் அறிவித்த மிதவை முறை, அகன்ற தட்டைக் கண்ணாடியை மலிவாக்கியது. பலகணி போன இடத்தில் பெரிய கண்ணாடி வந்தது. அது ஒளியைத் தந்தது, காட்சியைத் தந்தது, மறைவைத் தரவில்லை. பிறகு மறைவுக்காக உறைபனிக் கண்ணாடி போட்டார்கள், காட்சி போயிற்று. திரை போட்டார்கள், ஒளியும் போயிற்று. ஆடியைப் போல் மின்னும் ஒட்டுத்தாள் ஒட்டினார்கள். அது பகலில் பலகணியைப் போலவே வேலை செய்கிறது, ஏனெனில் அதற்கும் வெளிச்ச வேறுபாடே முதல். ஆகவே பலகணியின் குறையும் அதற்கு உண்டு: விளக்குப் போட்டதும் வீடு நாடகமேடை. காற்றும் வராது என்பது கூடுதல் குறை. வண்டிகளின் கண்ணாடியில் கறுப்பு ஒட்டுத்தாளை 2012-இல் உச்சநீதிமன்றம் தடைசெய்தது. தன்னைக் காட்டாமல் பிறரைக் காண்பவனிடம் சமூகத்துக்கு எப்போதும் ஓர் அச்சம் இருக்கிறது.

பலகணியை மீண்டும் வீட்டுக்கு அழைத்துவந்தவர்களும் இருக்கிறார்கள். பர்மிங்காமில் பிறந்து திருவனந்தபுரத்தில் வாழ்ந்து 2007-இல் மறைந்த லாரி பேக்கர், செங்கற்களை இடைவிட்டு அடுக்கியே துளைச்சுவர் எழுப்பினார். மரச்சட்டமும் கண்ணாடியும் கம்பியும் கேட்கும் செலவு அதில் இல்லை. திருவனந்தபுரம் வளர்ச்சி ஆய்வு மையத்தின் கட்டடங்களில் அவருடைய செங்கல் வலைகளைக் காணலாம். நம் ஊர்களில் ஒரு காலத்தில் மாடிப்படிச் சுவரிலும் வராந்தாவிலும் வைத்த சிமெண்டு ஜாலிகளும் அதே குடும்பம். அவற்றைப் பழைய மோஸ்தர் என்று இடித்துவிட்டு அலுமினியச் சட்டமும் கண்ணாடியும் வைப்பதே இப்போது நாகரிகம்.

மரபு நமக்கு விட்டுச்சென்றவை எளிய விதிகள்தாம். வெளிச்சத்தை உயரத்திலிருந்து எடு. மறைவை அமர்ந்திருப்பவர் தலைமட்டத்துக்கு மட்டும் கொடு. கூரைவிளிம்பை நீட்டி உள்ளே நிழலைச் சேமி. துளையைச் சிறிதாக்கிக் கனத்தைக் கூட்டு. இரவுக்கு ஒரு கதவு வை. இவற்றில் ஒன்றுக்கும் கருங்கல் தேவையில்லை. செங்கல், மூங்கில், மரச்சட்டம், ஒரு கொடிப்பந்தல் போதும். திருவலஞ்சுழிப் பலகணியை நம்மால் செய்ய முடியாது என்று ஸ்தபதி எழுதியது நேர்மை. பலகணியே வேண்டாம் என்று அவர் எழுதவில்லை.

ஒன்றை மட்டும் புதிதாகச் சேர்க்க வேண்டும். பழைய பலகணிக்குப் பின்னே நின்றவர்களுள் பலர் கதவைத் திறந்து வெளியே வர முடியாதவர்கள். இன்று நாம் கட்டும் பலகணிக்கு அருகிலேயே, உள்ளிருந்து திறக்கும் ஒரு கதவும் இருக்க வேண்டும். வெளியே போக முடிந்தவர் விரும்பி மறைந்திருப்பதுதான் மறைவு. மற்றது சிறை, அதன் சுவரில் எத்தனை கண் வைத்தாலும் சிறைதான்.